இரண்டு வார்த்தை பேசியதில் போன நாடகம்

நயினாதீவில் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். மேடையில் ஒரு நாடகத்தை முழுதாகப் பார்த்த பிள்ளை என் வகுப்பில் ஒருத்தியும் இல்லை. பார்த்த நாடகத்தைப் பற்றிப் பரீட்சையில் எழுதச் சொன்னால் என் குறிப்புகளைத்தான் எழுதுவார்கள். என் குறிப்புகளைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் நாடகம் என்றால் பின்னேரம். குறிகட்டுவான் இறங்குதுறையில் தீவுக்குக் கடைசிப் படகைப் பிடிக்க வேண்டுமென்றால் பட்டணத்தில் நான்கு மணி பஸ்ஸில் ஏறியாக வேண்டும். இரண்டு தடவை கூட்டிப்போய் இரண்டு தடவையும் பாதியில் எழுப்பிக்கொண்டு வந்தேன். ஒன்றில் கதாநாயகன் கத்தியை ஓங்கிய நேரம் நாங்கள் எழுந்துவிட்டோம். குத்தினானா இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இந்த முறை பட்டணத்துப் பாடசாலையொன்றில் இரண்டு மணிக்கே நாடகம் என்றார்கள். ஒரு மணித்தியாலம்தான். அதிபரிடம் அனுமதி, ஆறு வீடுகளில் கையொப்பம் எல்லாம் வாங்கினேன். பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்க ஆசைப்படும் பிள்ளை ஒருத்தி படகிலேயே கேட்டாள்.

"சேர், முடிவைக் காட்டுவீங்களோ?"

"ஓம் பிள்ளை. திரை மூடின பிறகுதான் எழும்புவம்."

பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தபோது இரண்டு நாற்பது. விளக்கேற்றல், வரவேற்பு நடனம், வரவேற்புரை, பொன்னாடை. மூன்றேகாலுக்கு எனக்குப் பொறுக்கவில்லை. பொறுப்பாசிரியரிடம் போனேன்.

"மாஸ்டர், எங்களுக்கு நாலு மணிக்கு பஸ். நாடகத்தை ஒருக்காத் தொடங்குங்கோவன்."

"அட, தீவில இருந்தே வந்தனீங்கள்? வாங்கோ, ஏறி ரெண்டு வார்த்தை கதையுங்கோ!"

மாட்டேன் என்றிருக்க வேண்டும். ஆனால் ஒலிவாங்கியைக் கண்டால் என் கால் தானாக நடக்கும். நன்றி சொல்லி இறங்கத்தான் நினைத்தேன். இடையில் படகைப் பற்றி ஒரு பகிடி விட்டேன், சபை சிரித்துவிட்டது. அதோடு நான் கெட்டேன். அடுத்த பகிடி, அதற்கடுத்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, தீவுப் பிள்ளைகளுக்கு ஒரு நாடகத்தை முழுதாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று உருகினேன். பலத்த கைதட்டல். இறங்கியபோது மூன்று முப்பத்தைந்து.

திரை விலகிப் பத்து நிமிடத்தில் பிள்ளைகளை எழும்பச் சொன்னேன். ஐந்து பேர் எழுந்தார்கள். அவள் அசையவில்லை.

"சேர், இப்பதான் அந்த அம்மா கதவைத் திறக்கிறா."

"பஸ் நிக்காது, பிள்ளை."

"நீங்கள் நிண்டனீங்கள்தானே, இருபது நிமிசம்."

முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். சற்றுமுன் கைதட்டிய அதே மனிதர்தான். கடைசியில் அவளும் எழுந்து வந்தாள்.

அடுத்த கிழமை, பார்த்த மேடை அளிக்கை ஒன்றைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தேன். அவளுடைய கொப்பியில் இப்படி இருந்தது: "நான் முழுமையாகப் பார்த்த ஒரே அளிக்கை, தீவிலிருந்து வந்த ஆசிரியரின் உரை. நடிப்பு சற்று மிகை. கருப்பொருள், நாடகம் பார்க்கக் கிடைக்காதவர்களின் துயரம். அத்துயரத்துக்குத் தானும் ஒரு காரணம் என்பதைப் பாத்திரம் கடைசிவரை உணரவில்லை."

பழிவாங்க ஒரு எழுத்துப்பிழையாவது தேடினேன். கிடைக்கவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறீர். ஆனா சோதினையில இதை எழுதேலாது."

"அப்ப முழுசா ஒண்டைக் காட்டுங்கோ, சேர்."

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அன்றே அந்தப் பொறுப்பாசிரியருக்குத் தொலைபேசி எடுத்து அடுத்த நாடகம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்; இரண்டு வார்த்தை பேச மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம் என்றேன்.