அனலைதீவுப் பிரமிட்

பாரிசில இருக்கிற அக்கா எகிப்துக்குச் சுற்றுலா போய், பிரமிட்டுக்கு முன்னால சிரித்தபடி நிற்கிற படத்தை போனுக்கு அனுப்பியிருந்தா. பார்த்த உடனேயே எனக்குக் குமட்டி ஓங்காளித்தது.

அனலைதீவில எங்கட அப்பா சங்கு குளிக்கிறவர். சதை அழுகிக் கழலட்டுமென்று சங்குகளைக் கரையில குவித்துவிடுவார். ஈ மொய்க்கும், புழு நெளியும், மஞ்சள் நீர் வடியும். சின்ன வயதில, கரையேற்றிய வள்ளத்தில என்னை இருத்தி அக்கா உலகம் சுற்றிக் காட்டுவா. அந்தக் குவியல்தான் பிரமிட்.

“ஏறடா.”

“நாறுது அக்கா.”

“உள்ளுக்க ராசாவின்ர பிணமெல்லோ கிடக்கு, நாறாமல் என்ன செய்யும்? ஏறினாத்தான் அடுத்தது பாரிஸ், ஈபிள் கோபுரம்.”

மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினேன். வழுக்கி முகம் குப்புற விழுந்ததில அந்த நீர் வாய்க்குள்ளும் போய்விட்டது. நான் சத்தி எடுத்துக்கொண்டிருக்க, “நீ எகிப்திலயே கிட” என்று அக்கா வள்ளத்தில ஏறித் தனியாகப் பாரிசுக்குப் போய்விட்டா. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு வேறு பிரமிட் தெரியாது.

நேற்று போனில கேட்டா: “ரிக்கெட் போடட்டோ? இந்த முறையெண்டாலும் பாரிசுக்கு வாவன்டா.”

பிளேன் விழுமோ, குளிர் ஒத்துக்கொள்ளுமோ என்று பயம். ஆசையும் விடவில்லை.

“ஓம் அக்கா. ஆனா எகிப்தில இறங்காத பிளேனாப் பார்த்துப் போடுங்கோ.”