கில்பர்ட் கிழவரின் பெயர் யாருக்கு

"எங்க கொள்ளுத் தாத்தா இந்த ஊர்தான்" என்று யாராவது எங்கள் கடலோர ஊரான ராம்ஸ்கோவில் வந்து இறங்கினால் கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டார். கையை நீட்டி மேட்டு வீட்டைக் காட்டுவார், அவ்வளவுதான். அது ஜேம்ஸினா ஸ்வான்சனின் வீடு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சூப்பும் உருளைக்கிழங்கும் ஆக்கிப் போட்டு ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகவில்லை, நாய் வளர்க்கவில்லை. கோடை வந்துவிட்டால் கனடாக்காரர்களும் ஆஸ்திரேலியாக்காரர்களும்தான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

வருகிறவர்கள் போட்டோவை எடுத்து நீட்டினால் அவளுக்குப் பிடிக்காது. "மூஞ்சியைப் பார்த்து நான் என்ன பண்ணட்டும்? பிள்ளைங்க பேரை வரிசையாச் சொல்லுங்க" என்பாள். அவர்கள் சொல்லச் சொல்ல, மேஜைமேல் பிள்ளைக்கு ஒன்றாகக் கரண்டியை அடுக்குவாள். எங்கள் பக்கத்தில் பெயர் வைப்பது அவரவர் இஷ்டம் இல்லை. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர், மூன்றாவதாக ஒருவன் வந்தால்தான் அப்பாவின் சொந்தப் பெயர். மூத்த பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர். இதை வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளின் பெயரிலிருந்து இரண்டு பக்கத்துத் தாத்தாக்களையும் கல்லறைக்குள்ளிருந்து காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவாள் ஜேம்ஸினா.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு. "உசுரோட இருந்ததை மட்டும் எண்ணிட்டு வராதீங்க. தவறிப்போனதையும் சேர்த்து எண்ணுங்க" என்று அதட்டுவாள். அந்தக் காலத்தில் பிள்ளை தவறினால் அடுத்து வருகிற பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். பெயர் நிலைக்க வேண்டுமே. தவறிய பிள்ளைக்குரிய கரண்டியை அவள் கவிழ்த்து வைப்பாள். கவிழ்ந்த கரண்டிகளைப் பார்த்து வாட்டசாட்டமான ஆஸ்திரேலியாக்காரர்கள் மூக்கைச் சிந்தியதுண்டு.

இப்படி ஊர் உலகத்துக்கெல்லாம் தாத்தா தேடிக் கொடுத்தவளுக்குத் தன் வீட்டுக் கதை மட்டும் ஆறாத புண்.

அப்பா கில்பர்ட் ஸ்வான்சன் மீன்பிடிக்கிறவர், கோபக்காரர். பையன் வருவான் வருவான் என்று பார்த்து இரண்டும் பெண்ணாகப் போனதால், தன் அப்பா ஜேம்ஸின் பெயரை விடமுடியாமல் சின்னவளுக்கு ஜேம்ஸினா என்று வைத்தார். மூத்தவள் எல்ஸ்பெத். அம்மா இறந்தபோது ஜேம்ஸினாவுக்குப் பன்னிரண்டு வயசு. இனி எல்ஸ்பெத் வீட்டைப் பார்த்துக்கொள்வாள் என்று அப்பா தானாகவே முடிவு கட்டிவிட்டார். அவளோ ஆர்ச்சி கார்மக் என்கிற பீப்பாய் செய்கிறவனைக் கல்யாணம் செய்துகொண்டு நியூசிலாந்துக்குக் கப்பலேறத் தயாராக நின்றாள். "படி தாண்டினா நீ எனக்குப் பொண்ணே இல்ல" என்றார் அப்பா. தாண்டிவிட்டாள். முறுக்கிக்கொள்வதில் அப்பாவை உரித்து வைத்தவள் அவள். அங்கிருந்தும் கடிதம் இல்லை, இங்கிருந்தும் இல்லை.

ஆனாலும் கிழவருக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்தால் என்ன, எல்ஸ்பெத்தின் இரண்டாவது பையன் கில்பர்ட்டாகத்தானே இருக்க வேண்டும்? மகள் மன்னித்தாளா இல்லையா என்று அவன் பெயரே சொல்லிவிடும். உலகப் போர் முடிந்து சில வருஷம் கழித்து, நியூசிலாந்தின் டனீடன் துறைமுகத்தில் எல்ஸ்பெத்தைப் பார்த்ததாக ஒரு கப்பல்காரன் ஊருக்கு வந்து சொன்னான். இரண்டு பையன்களாம். "மூத்தவன் தாமஸ். அடுத்தவன் ஆர்ச்சி."

வலை பின்னிக்கொண்டிருந்த கிழவரின் கை நின்றது. தாமஸ், மருமகனைப் பெற்றவர் பெயர். சரி. ஆனால் மாமனார் பெயர் வர வேண்டிய இடத்தில் புருஷன் பெயரா? எங்கள் ஊரில் ஒரு மகள் அப்பாவை இதைவிட ஓங்கி அறைய முடியாது. அந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டவில்லை. "எனக்குப் பேர் இல்லாமப் போச்சு, ஸினா" என்று கடைசியாகச் சொன்னார். அவர் தலைமாட்டில் நின்ற ஜேம்ஸினா அக்காவை மனசாரத் திட்டினாள். தானாவது ஒரு பையனைப் பெற்று அந்தப் பெயரை வைக்காமல் போனோமே என்று பிறகு எத்தனையோ நாள் தன்னையும் திட்டிக்கொண்டாள்.

போன ஜூனில் ஒரு நாள் அந்த வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முதுகில் பெரிய பை, வெயிலில் சிவந்த மூக்கு.

"நான் ஜோஸி. எல்ஸ்பெத்தோட பேத்தி, தாமஸோட பொண்ணு. நீங்கதானே சின்னப் பாட்டி?"

ஜேம்ஸினா அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. "காலைத் துடைச்சிட்டு வா" என்றாள்.

பாட்டி போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டதாக ஜோஸி சொன்னாள். "அப்படியா" என்று தேநீரை ஊற்றினாள் ஜேம்ஸினா. ஊற்றின தேநீர் தட்டில் வழிந்தது. தன் சொந்தக்காரப் பெண் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்க, இவளுக்கு நெஞ்சு கல்லாக இருந்தது. யார் வந்தாலும் வெண்ணெய் ஒழுகச் சுட்டுப் போடுகிற ஓட்ஸ் ரொட்டி அன்றைக்கு வெறுமனே வந்தது. பக்கத்து வீட்டு ஐஸி பிரெம்னர் அப்போது வந்து சேர்ந்தாள். புது ஆள் வந்தால் ஐஸிக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

"என்னடி இது, சொந்த ரத்தம் வந்திருக்கு, கரண்டியைக் காணோம்?" என்றாள் ஐஸி. "ஊரான் தாத்தாவுக்கெல்லாம் மேஜை நிறைய அடுக்குவியே."

"இதுல அடுக்க என்ன இருக்கு? தாமஸ், அடுத்தது ஆர்ச்சி. எங்கப்பாவைத் தாண்டிட்டுப் போயிட்டா எங்கக்கா. உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம்."

"எனக்குத் தெரியாதே!" ஐஸிக்கு அதுதான் பெரிய குறை. "இத்தனை வருஷமா இதை எங்கிட்ட மறைச்சு வெச்சியா?" என்றவள் ஜோஸியிடம் திரும்பினாள். "ஏம்மா, உங்கப்பாவுக்கும் ஆர்ச்சிக்கும் எத்தனை வயசு வித்தியாசம்?"

"ஆறு. சித்தப்பாவுக்கு அப்புறம் டினா அத்தை. அவ்வளவுதான்."

ஐஸி தானே இழுப்பறையைத் திறந்து இரண்டு கரண்டியை எடுத்தாள். ஒன்றை மேஜையின் இந்தக் கோடியிலும் ஒன்றை அந்தக் கோடியிலும் வைத்தாள்.

"ஆறு வருஷம்! நடுவுல உங்கக்கா என்னடி பண்ணிட்டிருந்தா, ஆடு எண்ணிட்டிருந்தாளா?"

ஜேம்ஸினா கரண்டியை எடுத்து வைக்கக் கை நீட்டினாள். ஐஸி விடவில்லை.

"அப்பன் பேரு எத்தனாவது பையனுக்கு? சொல்லு. ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கறியே, சொல்லு."

"மூணாவதுக்கு."

"ஆர்ச்சிங்கறது அவ புருஷன் பேருதானே? அப்ப இவன் ரெண்டாவதா, மூணாவதா? தவறினதையும் சேர்த்து எண்ணுன்னு எல்லாரையும் அதட்டுவியே, உன் வீட்டுக்கு மட்டும் அது கிடையாதா?"

ஜேம்ஸினா இரண்டு கரண்டிக்கும் நடுவே இருந்த வெறும் மேஜையைப் பார்த்தாள். கப்பல்காரன் பார்த்தது இரண்டு பையன்கள். அவன் கண்ணால் கண்டதைச் சொன்னான். அப்பாவும் எண்ணிப் பார்க்கவில்லை, தானும் எண்ணவில்லை. கோபத்தில் இருக்கிறவர்களுக்கு எண்ணத் தெரியாது போலிருக்கிறது. அவளுக்குக் காது இரண்டும் சூடேறிப்போயிற்று.

"ஜோஸி, உங்கப்பாவுக்குப் போன் போடு" என்றாள். "இப்பவே."

இங்கே காலை என்றால் அங்கே ராச்சாப்பாட்டு நேரம். தாமஸ் எடுத்தார். இத்தனை தூரம் தாண்டி ஒரு சித்தி திடீரென்று முளைத்ததில் மனிதருக்குப் பேச்சு தடுமாறியது. ஜேம்ஸினா நலம்கூட விசாரிக்கவில்லை.

"தம்பி, உனக்கும் ஆர்ச்சிக்கும் நடுவுல ஒரு பையன் இருந்தானா?"

"இருந்தான் சித்தி. கில். தொண்டை அடைச்சு அஞ்சு வயசுல போயிட்டான். எனக்கு அப்ப ஏழு, ஆர்ச்சிக்கு ஒண்ணு. அதுக்கப்புறம் அம்மா முன்னாடி அந்தப் பேரை யாரும் எடுக்கக் கூடாது."

"கில்னா?"

"கில்பர்ட்."

ஜேம்ஸினா இழுப்பறையிலிருந்து இன்னொரு கரண்டியை எடுத்து நடுவில் கவிழ்த்து வைத்தாள்.

"அவன் இருந்தவரைக்கும் அம்மா சொல்லிட்டே இருப்பாங்க சித்தி. கடுதாசியெல்லாம் எதுக்கு, இவனைக் கையைப் பிடிச்சு நேரா கூட்டிட்டுப் போய் அந்தக் கிழவன் முன்னாடி நிறுத்துவேன், அப்ப என்ன சொல்றார்னு பார்க்கறேன்னு. போருக்கு நடுவுல எங்க போறது? அதுக்குள்ள அவனும் போயிட்டான். அப்புறம் எதைக் கொண்டு போய் நிறுத்துவாங்க?"

பாழாய்ப்போன ரோஷம். ஒரு தபால்தலை ஒட்டினால் தீர்ந்திருக்கும். அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். ஜேம்ஸினாவுக்கு அக்கா மேல் மறுபடியும் கோபம் வந்தது, ஆனால் இந்தக் கோபம் அழுகையோடு வந்தது. வெறுங்கையோடு அப்பா முகத்தில் விழிக்க முடியாமல் அங்கேயே நின்றுவிட்டவளை இனி எப்படித் திட்டுவது?

"அதுக்கப்புறம் பையன் பிறக்கல, டினாதான் பிறந்தா" என்றார் தாமஸ். "இதோ பக்கத்துலதான் இருக்கா. சாப்பிட வந்தா. குடுக்கறேன்."

போனில் புதுக் குரல் வந்தது. "சித்தியா? அம்மாவோட தங்கச்சியா? உங்க குரலும் அம்மா மாதிரியே அதட்டுது!"

"டினான்னா கிறிஸ்டினாவா?"

"அதா இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமே."

"முழுப் பேரைச் சொல்லு."

"வேண்டாம் சித்தி. பள்ளிக்கூடத்துல அதை வெச்சே என்னை அழ விட்டிருக்காங்க. கல்யாணத்தன்னிக்குப் பாதிரியார் அதை வாய்விட்டுப் படிச்சப்ப சர்ச் முழுக்கச் சிரிப்பு. ஏம்மா எனக்கு இப்படி ஒரு பேரு வெச்சேன்னு எத்தனையோ தடவை கேட்டேன். வாயே திறக்கல."

"சொல்லுடி."

"கில்பர்ட்டினா."

முறைப்படி மூத்த பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர் வந்திருக்க வேண்டும். எல்ஸ்பெத் பெற்ற தாயையே தள்ளிவிட்டு அப்பாவின் பெயரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"கில்பர்ட்டினா, கில்பர்ட்டினா! போதுமா?" சிரிப்பு சட்டென்று நின்றது. "சித்தி, அழறீங்களா? யாரு பேரு அது?"

ஐஸி ஒரு நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கொடுத்தாள். ஜேம்ஸினா உட்கார்ந்து இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா பேரு" என்றாள். "நீயும் உட்காரு. பொல்லாத மனுஷன்டி அவரு. சொல்றேன், கேளு."