பாறை ஏறப் போய் லயத்தில் தங்கியது

இரும்பை இரும்பு அடிக்கும் ஓசை. மலாக்காவில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு பட்டறை. விடிந்தும் விடியாமலும் அங்கே முதல் அடி விழும். விழுந்ததும் என் உடம்பு சுருங்கும். யாரும் பார்க்காவிட்டாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். அந்த ஓசை என்னைக் கொண்டுபோய் ஒரு ரப்பர் தோட்டத்தில், விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் நிறுத்திவிடும். பனியில், புளித்த பால் வாசத்தில், புத்தம்புதுக் கான்வாஸ் சப்பாத்துடன்.

அப்போது எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. நகரத்து ஆபீஸ் ஒன்றில் எழுத்து வேலை. வெள்ளைக்காரர்கள் ஓய்வு நாளில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பாறை ஏறுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எனக்கும் கூட வேலை பார்த்த நண்பனுக்கும் அந்தப் பித்துப் பிடித்தது. குனோங் லேடாங் மலையின் உச்சிப்பக்கம் மொட்டைப் பாறை இருக்கிறதாம். ஏறாவிட்டால் சோறு இறங்காது போலிருந்தது. மன்னர் பிறந்தநாளுக்கு எங்களுக்கு விடுமுறை, தோட்டங்களுக்குக் கிடையாது. முதல் நாளே பஸ் பிடித்து, மலைக்குப் போகிற வழியிலுள்ள ஜாசின் பட்டணத்தில் இறங்கினோம். சீனர் கடையில் சப்பாத்தும் மணிலாக் கயிறும், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் தமிழ் முஸ்லிமின் கடையில் ரொட்டியும் மத்தி டின்னும் வாங்கினோம். தங்கத்தான் இடமில்லை. அரசாங்க விடுதி துரைமாருக்கானது. அதன் வாசலைக்கூட நாங்கள் உற்றுப் பார்க்கவில்லை. மலையடித் தோட்டம் ஒன்றில் என் தாய்மாமன் பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே போவோம் என்றேன், பெருமையாகவே.

தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் மாமாவுக்கு ஓர் அறை, முன்னால் ஒரு நடை. அத்தை எங்களுக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். அவர்கள் இருவரும் மரவள்ளிக் கிழங்கு தின்றார்கள். அதுதான் தங்களுக்குப் பிடிக்கும் என்றாள். மாமா எங்கள் கயிற்றை இழுத்துப் பார்த்து, எந்த மாட்டுக்கு என்று கேட்டார். பாறை ஏற என்றதும், மேலே என்ன இருக்கிறது என்றார். ஒன்றுமில்லை என்றேன். படித்தவர்களுக்கு ஒன்றுமில்லாததற்கும் கயிறு வேண்டியிருக்கிறது என்று அத்தையிடம் சொல்லிச் சிரித்தார். அறையை எங்களுக்கு விட்டுவிட்டு இருவரும் நடையில் சாக்கு விரித்துப் படுத்தார்கள்.

லயத்தில் வெளியாள் தங்கினால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். மாமா சொல்லவில்லை. அக்கா மகன் வெளியாளா என்று நினைத்துவிட்டார். ஆனால் அந்த நாளில் ஆள் கலைக்க வருகிறவர்கள் உண்டு. காற்சட்டையும் பையுமாக, பொழுது சாய்ந்து வந்து, வேறு தோட்டத்தில் கூலி கூட என்று ஆசைகாட்டி, குடும்பம் குடும்பமாகக் கிளப்பிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவனுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. நாங்களும் காற்சட்டையும் பையுமாகத்தான் வந்திருந்தோம்.

விடியுமுன், ஆட்களை வேலைக்கு அழைக்கத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டில் அடி விழுந்தது. கங்காணி வாசலில் நின்றார். எங்கள் மூவரையும் பெரட்டுக் களத்துக்கு நடத்திப் போனார். பேர் கொடுக்க வரிசையில் நின்ற ஆண்களும் பெண்களும், வாளியும் கத்தியுமாக, எங்களையே பார்த்தார்கள்.

"யாருய்யா இவனுங்க? எந்தத் தோட்டத்துக்கு ஆள் புடிக்க வந்தானுங்க?" என்றார் கங்காணி.

"எங்க அக்கா மவன்ங்க. அது அவன் கூட்டாளி. பாற ஏற வந்திருக்காங்க," என்றார் மாமா.

"கூலி இல்லாம எவன்யா பாற ஏறுவான்?"

வரிசையில் சிரிப்பு ஓடியது. மாமா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எந்த மனிதன் முன்னாலும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

துரை வந்தார். கங்காணி சொல்லி முடிக்குமுன் நான் இங்கிலீஷில் சொன்னேன். துரையின் முகம் மலர்ந்தது. அவரும் தம் ஊரில் பாறை ஏறியவராம். எங்கள் கயிற்றை வாங்கி ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். எந்தப் பக்கம் வழுக்கும் என்றார். நண்பன் ஏதோ சொல்ல, உரக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சற்றுத் தள்ளி மாமா, வெறுங்காலோடு, கைகட்டி, எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்தச் சொல்லில் தன் வீடு போகும், எந்தச் சொல்லில் நிற்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் தெரிந்தது. அந்தச் சிரிப்பு இன்றும் என் பல்லில் கூசுகிறது.

வேலை போகவில்லை. ஆனால் அதற்குள் பேர் எடுத்து முடிந்து பெரட்டு கலைந்துவிட்டது. மாமாவுக்கு அன்று பேர் கிடையாது என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு, எங்களுக்குக் கைகொடுத்து அனுப்பினார் துரை. பேர் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை.

ஊருக்கே திரும்பிவிடுகிறோம் என்றேன். மாமா பதறினார். ஏறாமல் போனால் தான் சொன்னது பொய்யாகிவிடும், கங்காணி பார்த்துக்கொண்டிருப்பார் என்றார். ஆகவே ஏறினோம். விளையாட்டுக்கு வந்த ஏற்றம், சாட்சி சொல்வதற்கான ஏற்றமாகிவிட்டது. பாறை ஈரமாக, குளிர்ந்து, விரலுக்குப் பிடி கொடுக்காமல் இருந்தது. மேலே நண்பன் கடலைக் காட்டிக் கூவினான். நான் கீழே வரிசை வரிசையாக நின்ற மரங்களைப் பார்த்தேன். அவற்றில் ஒரு வரிசையில் அன்று யாரும் கத்தி வைக்கவில்லை.

சாயங்காலம் லோரிக்காகச் செம்மண் சாலையில் காத்திருந்தோம். கூடவே வந்திருந்த மாமா, அத்தை கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், லோரி வந்துவிட்டது. என்னை ஏற்றிவிட்டு, கங்காணி வீட்டுப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மாப்ள, இனிமே வந்தா ஜாசின்லயே எங்கயாச்சும் தங்கிக்கய்யா. சாப்புட மட்டும் நம்ம வீட்டுக்கு வா."