எடுத்துக் கொடுத்தவர் எழுந்து நிற்கவும்

என் மனைவிக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டென்றால், அது தொலைக்காட்சிப் பெட்டிக்குக் காது கிடையாது என்பதுதான். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தத் தமிழ் வினாடி வினா தொடங்கியதும், சமையலறையிலிருந்தே பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். நிகழ்ச்சியில் ஒரு பக்கம் மூன்று மேதைகள் இருப்பார்கள், வாரா வாரம் அதே நாற்காலிகளில், நிரந்தர ஊழியர்கள் மாதிரி. மறுபக்கம் வாரம் ஒரு சாமானியர் வந்து அவர்களிடம் சவால் விட்டு, தோற்று, ஒரு கைப்பையைப் பரிசாக வாங்கிக்கொண்டு போவார். மேதைகள் நெற்றியைத் தடவிக்கொண்டிருக்கும்போதே இவள் பதிலைச் சொல்லிவிட்டுக் கடுகு தாளிக்கத் தொடங்கியிருப்பாள். வீட்டிலிருந்து சொல்வது யாருக்கும் ஈஸிதான் என்று நான் சோபாவில் சாய்ந்தபடி சொல்வேன். அதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை.

மேதைகளில் நடுவில் இருப்பவர் சால்வை போட்டவர். அவரிடம் ஒரு வாரம் ஒரு பெண்மணி ஒரே ஒரு கேள்வி வித்தியாசத்தில் தோற்றுப்போனார். சால்வைக்காரர் இரண்டு கைகளையும் விரித்து, ஒரு ஹவுஸ்வைஃபுக்கு இவ்வளவு தெரிந்திருப்பதே பெரிய விஷயம் என்று பாராட்டினார். அரங்கமே கைதட்டியது. சமையலறையில் கத்தியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. என் மனைவி ஹவுஸ்வைஃப் அல்ல, பக்கத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். ஆனாலும் அந்தப் பாராட்டு அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்த ஆளுக்கு எதிர்ல ஒரு தடவ நான் நிக்கணும்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். இருபது வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டது மிகக் குறைவு. அதனால் அவள் இதை எவ்வளவு வேண்டுகிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

சேனல்காரர்கள் பெங்களூர்த் தமிழர்களுக்கென்று ஒரு சிறப்பு வாரம் அறிவித்திருந்தார்கள். இவள் விண்ணப்பம் போட்டாள். போனில் கேட்ட இருபது கேள்விகளுக்கும் இட்லிக்கு மாவு ஊற்றியபடியே பதில் சொல்லித் தேர்வானாள். அதன்பிறகுதான் உண்மையான பரீட்சை. ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண் கூப்பிட்டு, உங்கள் கஷ்டம் என்ன மேடம் என்று கேட்டாள். கஷ்டம் ஒன்றும் இல்லை என்றாள் இவள். அப்படிச் சொன்னால் எப்படி மேடம், எல்லோருக்கும் ஒரு கஷ்டம் இருக்குமே, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் பொறுமையாகக் கெஞ்சினாள். உடம்புக்கு ஏதாவது? சின்ன வயதில் ஏதாவது? இவள் ரொம்ப யோசித்து, காலையில் பஸ் கிடைப்பது கஷ்டம் என்றாள். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. நான் போனை வாங்கி, "என்னக் கட்டிக்கிட்டதுதாம்மா அவங்க கஷ்டம்" என்று ஜோக் அடித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. எழுதிக்கொள்ளும் சத்தம்தான் வந்தது.

படப்பிடிப்பு ஒரு சனிக்கிழமை காலையில். பொம்மசந்திராவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய குடோனை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். வெளியே தகரக் கூரை, உள்ளே அரண்மனை. நாங்கள் போகும் சர்ச் சபையிலிருந்து ஒரு மினி பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள், புளியோதரையும் பன்னும் கட்டிக்கொண்டு. நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியும் அந்தப் பக்கம்தான். ஸ்டோர்ஸில் சூப்பர்வைசர் உத்தியோகம். ஒரு மாதமாக அங்கே தம்பட்டம் அடித்திருந்ததால், எங்கள் மேனேஜரே தான் வருவதாகச் சொல்லிவிட்டார். குடும்பத்தினருக்கென்று ஒதுக்கிய முதல் வரிசையில் அவரும் நானும் உட்கார்ந்தோம். சபை மக்களைப் பின்னால் நாலைந்து வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அறிவு எப்படித் தயாராகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் எங்களுக்கு முன்னால் நின்று கைதட்டப் பயிற்சி கொடுத்தார். ஒரு விரல் காட்டினால் சாதாரணக் கைதட்டல், இரண்டு விரல் என்றால் ஆச்சரியம், கையை நெஞ்சில் வைத்தால் கண்கலங்க வேண்டும். எங்கள் சபை மக்கள் கன்வென்ஷன் கூட்டங்களில் பழகியவர்கள் என்பதால் மூன்றையும் முதல் தடவையே சரியாகச் செய்தார்கள். அந்தப் பக்கம் டைரக்டர் மேதைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பதில் தெரிந்தாலும் உடனே சொல்லிவிடக்கூடாது, முதலில் மோவாய், பிறகு நெற்றி, அதன்பிறகுதான் வாய். சால்வைக்காரர் கண்ணாடி பார்த்து இதை ஒத்திகை செய்தார். அந்தச் சால்வை அவருடையதுகூட இல்லை. இடைவேளையில் காஸ்ட்யூம் பையன் வந்து அதை மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

என் மனைவியிடம் வந்து, சுத்தத் தமிழில் பேசுங்கள் மேடம், பெங்களூர்த் தமிழில் பேசினால் ஜனங்களுக்குப் புரியாது என்றார்கள். அவள் தலையாட்டிவிட்டு, வாசல் செக்யூரிட்டியிடம் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசி, பின்னால் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்த நம் ஆட்களுக்கு ஆறு நாற்காலி வாங்கிக் கொடுத்துவிட்டு மேடை ஏறினாள். போட்டியாளர் கடைசிவரை நின்றுகொண்டேதான் பதில் சொல்ல வேண்டும். மேதைகளுக்குத்தான் நாற்காலி.

போட்டி தொடங்கிய கால் மணி நேரத்தில் கறுப்புச் சட்டைக்காரருக்கு எந்த விரலைக் காட்டுவது என்று தெரியவில்லை. இவள் அடுத்தடுத்து இரண்டு மேதைகளைத் தாண்டிவிட்டாள். கிரிக்கெட்டில் எல்லாம் அறிந்த சுருட்டைமுடி இளைஞரையும், மருந்து மாத்திரைகளில் கரைகண்ட அம்மாவையும். எதற்கும் நெற்றியைத் தடவவில்லை. கேள்வி முடியும், பதில் வரும், அவ்வளவுதான். டைரக்டர் மூன்று முறை நிறுத்தி, கொஞ்சம் திணறுங்கள் மேடம் என்று கேட்டுக்கொண்டார். திணற வரவில்லை சார் என்றாள்.

மிச்சம் இருந்தது சால்வைக்காரர் மட்டும்தான். அவரோடு ஆளுக்கு நாலு கேள்வி, இருவரும் சரிசமம். கடைசிக் கேள்வி முதலில் இவளுக்கு. பதில் சொன்னால் ஜெயம், சொல்லாவிட்டால் கேள்வி அவருக்குப் போகும். மேளம் அடித்து, விளக்கை அணைத்து, ஏற்றி, ஏதோ ராக்கெட் விடப்போவதுபோல ஆர்ப்பாட்டம் செய்துவிட்டுத் தொகுப்பாளர் கேட்டார்: சூரியக் குடும்பத்தில் மிக அதிக வெப்பமான கோள் எது?

அவள் ஒரு விநாடி மூச்சு எடுத்தாள். அதற்குள் தெரியாதோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதுதானே அதிகம் சுடும் என்று என் மூளை கணக்குப் போட்டது. சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. என் வாய் தானாகக் குவிந்து "புதன்" என்றது. சத்தம் இல்லை, உதடு மட்டும்தான். அவள் பார்த்துவிட்டாள்.

"சார், எனக்கு எடுத்துக் குடுத்துட்டாங்க" என்றாள் தொகுப்பாளரிடம். "இந்தக் கேள்வி எனக்கு வேணாம்."

இதை விளக்க வேண்டும். எங்கள் சபையில் வருடா வருடம் வேத வினாடி வினா, அதாவது பைபிளிலிருந்து கேள்வி கேட்கும் போட்டி, நடக்கும். போட்டியில் இருப்பவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள், பார்ப்பவர்களும் சொந்தக்காரர்கள், எனவே வாய்கள் சும்மா இருக்காது. அதற்காகவே பழைய காலத்திலிருந்து ஒரு வழக்கம். யாராவது பதிலை எடுத்துக் கொடுத்தால், போட்டியாளரே அதைச் சொல்லிவிட்டு, பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும். எடுத்துக் கொடுத்தவர் தானாக எழுந்து, அந்தச் சுற்று முடியும்வரை நிற்க வேண்டும். போட்டியாளர் அவர் பேரைச் சொல்ல மாட்டார். அவர் நிற்பதில்தான் போட்டியாளர் பொய் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு எல்லோரும் சேர்ந்து பிரியாணி சாப்பிடப் போவோம். பல வருடம் கேடயம் வாங்கியவள் என் மனைவி. அந்த வழக்கத்தை ஒரு டிவி சேனலுக்குள் கொண்டுபோய் அனுசரிக்க எங்கள் சபைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

டைரக்டர் ஓடிவந்தார். எங்கள் ரூலில் அப்படி எதுவும் இல்லை மேடம், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். "எங்களுக்கு இருக்கு சார்" என்றாள் இவள். யார் எடுத்துக் கொடுத்தது என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பார்வையாளர் பக்கம் திரும்பி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பொதுவாகப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

பின் வரிசைகளில் நம் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் இருந்த என் வாயை அவர்கள் பார்த்திருக்க முடியாது. பாடகர் குழுவில் ஓர் ஆன்ட்டி உண்டு, வருடத்துக்கு மூன்று தடவையாவது எடுத்துக் கொடுத்து எழுந்து நிற்பவர். பழக்க தோஷத்தில் அன்றும் பாதி எழுந்துவிட்டு, தான் வாயே திறக்கவில்லை என்று ஞாபகம் வந்து உட்கார்ந்தார். மேனேஜர் என் பக்கம் சாய்ந்து, "யாரு சார் அந்த முட்டாள்?" என்றார்.

"தெரியலையே சார்" என்றேன்.

ஒரு நிமிடம் இருக்கும். எழுந்திருப்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? முழங்கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் மேனேஜர், மூன்று கேமரா. உட்கார்ந்தே இருந்தேன். அவள் திரும்பி, பரவாயில்லை சார், கேள்வியை அவருக்குக் கொடுங்கள் என்றாள்.

சால்வைக்காரர் மோவாயைத் தடவி, நெற்றியைத் தடவி, "வெள்ளி" என்றார். சரியான பதில். வெள்ளியைச் சுற்றி இருக்கும் காற்று மூடி போட்ட பாத்திரம் மாதிரி வெப்பத்தை வெளியே விடாது என்று விளக்கமும் சொன்னார். ஆச்சரியத்துக்கு இரண்டு விரல் காட்டப்பட்டது. நானும் தட்டினேன்.

திரும்பும்போது ஓசூர் ரோட்டில் பஸ் நகரவே இல்லை. அவள் எல்லோருக்கும் பன் கொடுத்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் மெதுவாக, உனக்குப் பதில் தெரிந்திருந்ததா என்று கேட்டேன். நாலாம் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் கோள்களின் படம் அவள் வரைந்தது, பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லிக்கொடுப்பது என்றாள். அப்படியானால் நான் சொன்னது தப்பான பதில்தானே, அதற்காக எதற்கு விட்டுக்கொடுத்தாய் என்றேன். அவள் என்னை ஏதோ மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எடுத்துக் குடுத்தா குடுத்ததுதான். சரியா தப்பான்னு ரூல்ல இல்ல" என்றாள். நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுச் சமாளித்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்து நிகழ்ச்சி ஒளிபரப்பானது. சபை ஹாலில் பெரிய டிவி வைத்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அந்த மூன்று வாரமும் பழி ஆன்ட்டி மேல்தான் இருந்தது. அவர் எவ்வளவு மறுத்தும் யாரும் நம்பவில்லை, நானும் சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். அறிமுகத்தில் சோக வயலினோடு ஒரு கனத்த குரல், கணவரால் நேர்ந்த சோதனைகளையெல்லாம் தாண்டி வந்தவர் என்று என் மனைவியைப் பற்றிச் சொன்னது. ஹாலில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

கடைசிக் கேள்வி வந்தது. அவள் சொன்ன வார்த்தைகளை மொத்தமாக வெட்டியிருந்தார்கள். கேள்வி, பிறகு அவள் முகம், கடிகாரச் சத்தம். பார்வையாளர்களைப் பார்த்து அவள் காத்து நின்ற அந்த நிமிடத்தைத்தான், பதில் தெரியாமல் விழிப்பதாகக் காட்டினார்கள். நடுவில் ஒரு தடவை என் முகத்தைக் காட்டினார்கள், நல்ல வசதியாக உட்கார்ந்திருந்தேன். பிறகு சால்வைக்காரர், வெள்ளி, கைதட்டல். ஒரு டீச்சருக்கு இவ்வளவு தெரிந்திருப்பதே பெரிய விஷயம் என்று அவர் பாராட்டினார்.

ஹாலில் இருந்தவர்களில் பாதிப் பேர் அன்று படப்பிடிப்புக்கு வராதவர்கள். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த அவள் வகுப்புப் பிள்ளை ஒன்று திரும்பி, "மிஸ், நீங்கதான வெள்ளின்னு சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டது. அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தக் குழந்தைக்கு எதுவும் புரியவில்லை. டிவியைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது. அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுந்தேன். அன்றைக்கு எடுத்துக் கொடுத்தது நான்தான், ஆன்ட்டி இல்லை, இவளுக்குப் பதில் தெரியும் என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு பின்னாலிருந்து யாரோ கைதட்ட, நாலைந்து பேர் சேர்ந்து தட்டினார்கள். ஆன்ட்டி மட்டும் தட்டவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளபடியே பெரிய காரியம் செய்துவிட்டதுபோல இருந்தது.

என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"உக்காருங்க. நான் தனியா நின்னது இங்க இல்ல."

அன்றும் உட்கார்ந்துதான் விட்டேன்.