அடைக்கலம் எந்த பாஷை?

போன வாரம் ஸ்டெல்லா அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இது எந்த பாஷை கண்ணு?"

அவர் கையில் இருந்தது அவருடைய வீட்டுப் பெயர்ப் பலகை. ஸ்டீலில் லேசரால் வெட்டிய பளபள எழுத்து. எழுதியது நான். எழுதியது தமிழில்தான்... அந்த நிமிஷம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஓசூரில் மஞ்சுநாத் அண்ணனின் லேசர் கட்டிங் பட்டறையில். அவர் வீட்டில் பேசுவது கன்னடம். பலகையை வாங்கினார், தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். "நம்தல்ல அக்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்களுடையது இல்லை என்று அர்த்தம். மூலையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த வெங்கடேசு தெலுங்குக்காரர். முகமூடியைத் தூக்கிப் பார்த்தார். "மாதி காது" என்று சொல்லிவிட்டு மறுபடி இறக்கிக்கொண்டார்.

கன்னடம் கைவிட்டது. தெலுங்கும் கைவிட்டது. இத்தனை பாஷை புழங்கும் ஊரில் எந்த பாஷைக்கும் சொந்தமில்லாத எழுத்தை எழுத என்னால்தான் முடியும்.

எப்படி நடந்தது இது?

அந்தப் பட்டறைக்கு கேட் டிசைன், கிரில் டிசைன், பெயர்ப் பலகை எல்லாம் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. வரைவது டேப்லெட்டில். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன் — சிலேட்டுப் போல ஒரு கறுப்புப் பலகை, கூடவே ஒரு பிளாஸ்டிக் பேனா. என்னிடம் இருக்கும் பலகையில் கோடு போட்டால், பலகையில் ஒன்றும் தெரியாது. எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் திரையில் தெரியும். கை ஓரிடம், கண் ஓரிடம். டிவியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர்களுக்கு இது சுலபமாக வரும். நான் சோற்றில் கல் கிடக்குமோ என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறவள். எனக்கு எப்படி வரும்?

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். யாராவது "டிசைனர்" என்று கூப்பிட்டால், எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். அந்தப் பயம் நேராகக் கைக்கு இறங்கிவிடும். கோடு கோணிவிடக் கூடாதே என்று மெதுவாக இழுப்பேன். மெதுவாக இழுத்தால் கை நடுங்கும். நடுங்கியதைப் பார்த்து இன்னும் மெதுவாக... சைக்கிளை மெதுவாக ஓட்டினால்தானே அதிகம் ஆடும்? பேப்பரில் என்றால் நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது. லேசர் மெஷினுக்கு ஈவு இரக்கம் கிடையாது. நான் நடுங்கியதை அப்படியே ரம்பப் பல்லாக ஸ்டீலில் வெட்டி நீட்டிவிடும்.

இந்த லட்சணத்தில்தான் சாஃப்ட்வேரில் ஸ்டெபிலைசர் என்று ஒரு வசதி இருப்பதைக் கண்டுபிடித்தேன். ஃப்ரிட்ஜுக்கு வைக்கிற ஸ்டெபிலைசர் கரண்ட்டின் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும். இது கையின் ஏற்ற இறக்கத்தை. பேனா முன்னால் போகும். கோடு கொஞ்சம் பின்தங்கி, நடுக்கத்தை எல்லாம் விழுங்கிவிட்டு, வழவழவென்று வரும்.

என்னைப் போன்ற ஒருத்தி என்ன செய்வாள்? உச்சத்துக்குத் தள்ளி வைத்தேன்.

ஸ்டெல்லா அக்கா ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவர். வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு மாறி, தண்ணீர் மோட்டாருக்காக ஓனர்களிடம் மல்லுக்கட்டி அலுத்துப்போனவர். இப்போது கெலவரப்பள்ளி பக்கம் சொந்தமாக ஒரு சின்ன வீடு. பெயர் 'அடைக்கலம்'. எல்லார் வீட்டிலும் இருக்கிற கம்ப்யூட்டர் எழுத்து வேண்டாம், கையால் எழுதின மாதிரி இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் போட்ட கண்டிஷன். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்து ஜெபம் செய்து வீடு மந்திரிப்பதாக ஏற்பாடு.

எழுதினேன். கோடு வந்தது பாருங்கள்... எண்ணெய் தடவிய மாதிரி! அந்த அழகையே ரசித்துக்கொண்டிருந்தேனே தவிர, எழுத்தைப் பார்க்கவில்லை. நடுக்கத்தை விழுங்கிய ஸ்டெபிலைசர், மூலைகளையும் சேர்த்து விழுங்கியிருந்தது. 'ட'வுக்கு இருக்கிற ஒரே சொத்து அந்த மூலைதான். அதைப் பறித்துவிட்டால் அது தொட்டில். 'க' ஜிலேபி. 'ம' சுருண்டு படுத்துவிட்டது. என்ன எழுதினோம் என்று தெரிந்திருந்ததால் எனக்கு மட்டும் அது 'அடைக்கலம்' என்றே தெரிந்தது.

பட்டறையில் முதலில் சுதாரித்துக்கொண்டது மஞ்சுநாத் அண்ணன்தான். "இது டிசைன் எழுத்துக்கா. பெங்களூர்ல இப்ப எல்லாம் இப்படித்தான் போடறாங்க" என்றார். வியாபாரி அல்லவா?

ஸ்டெல்லா அக்கா இன்னொரு தடவை பார்த்தார். "அப்படியா... நமக்குத்தான் தெரியலயாட்டம்" என்று துணிப்பையை விரித்தார்.

அவர் சண்டை போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். மன்னிப்புக் கேட்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் சொந்த வீட்டின் பெயரைத் தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று நம்பிக்கொண்டு கிளம்புகிறாரே! வாயை மூடிக்கொண்டால் அண்ணனுக்கு நல்லவள். திறந்தால் பிழைப்பு என்னாகும்?

திறந்தேன். எப்படி? அது வந்துக்கா, ஸ்டீலில் வெளிச்சம் பட்டால், சாஃப்ட்வேரில் ஒரு செட்டிங்... என்று கிருஷ்ணகிரி வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

"சுத்தி வளைக்காத கண்ணு. தப்பா, சரியா?"

"தப்புக்கா."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? நான் என் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன்."

மஞ்சுநாத் அண்ணன் வெங்கடேசுவிடம் கன்னடத்தில் புலம்பினார். வெங்கடேசு தெலுங்கில் ஆறுதல் சொன்னார். மெஷினில் ஒரு கம்பெனியின் பிராக்கெட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் எழுதிக் கொடுத்தால் வெட்டித் தருவதாகக் கடைசியில் அண்ணன் இறங்கி வந்தார்.

அங்கேயே டேப்லெட்டை விரித்தேன். ஸ்டெல்லா அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பேனா தொடுவதும் எடுப்பதுமாக இருந்தது.

"என்ன கண்ணு, கல்லு சூடாயிருச்சான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கற? மாவ ஊத்து."

ஊற்றினேன். ஸ்டெபிலைசரைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். மணிக்கட்டை ஊன்றாமல், முழங்கையை அசைத்து, ஒரே மூச்சில் இழுத்தேன். சரியில்லையா? அழி. மறுபடி இழு. வேகமாகப் போன கோட்டில் நடுங்குவதற்கு நேரமே இல்லை!

மூலைக்குத்தான் தனி வைத்தியம். வளைத்துத் திருப்பவே கூடாது. 'ட'வின் நிற்கிற கோடு கீழே வந்ததும் பேனாவைத் தூக்கிவிட வேண்டும். மறுபடி வைத்து, படுக்கிற கோட்டைத் தனியாக இழுக்க வேண்டும். தூக்காமல் வழுக்கிக்கொண்டே போனால் மூலை கிடைக்காது.

யோசித்துப் பார்த்தால் என் பேச்சும் இத்தனை வருஷமாக அப்படித்தான் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் "பாக்கலாங்க". தப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் "அது வந்து". யாரையும் குத்தாத பேச்சு — யாருக்கும் புரியாத பேச்சு. திரும்ப வேண்டிய இடத்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று நின்றால்தான் எழுத்தும் எழுத்தாகிறது.

பிராக்கெட் முடிந்த கையோடு புதுப் பலகையும் வெட்டி வந்துவிட்டது. பழைய பலகையை வெங்கடேசு பட்டறைச் சுவரில் மாட்டிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு, இதே ஸ்டைலில் எங்களுக்கும் வேண்டும் என்று ஒருவர் கேட்டுப் போயிருக்கிறாராம். என்னத்தைச் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்தார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். வீட்டின் பெயரை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வாசலில் நின்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார். "ஆண்டவரே, அடைக்கலம் என்னும் இந்த இல்லத்தையும், இதில் வாழப்போகிறவர்களையும்..."

கண்ணை மூடி நின்ற ஸ்டெல்லா அக்கா, ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் இரண்டு கண்ணையும் திறந்துதான் வைத்திருந்தேன் — ஃபாதர் தலைக்கு நேர் மேலே அந்தப் பலகை தொங்குகிறதே, ஸ்க்ரூ தாங்குமா?