பந்திக்காரி

எங்கள் அண்ணிக்குப் பந்திக்காரி என்று பேர் வைத்தவள் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

குத்தகை நிலத்தில் முட்டைக்கோஸ் நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே, நடுநடுவே ஒவ்வொரு வரிசை கடுகு விதைத்தாள். எதற்கென்று கேட்டேன்.

"அந்துப்பூச்சிக்குக் கோஸை விடக் கடுகுதான் பிடிக்கும். அங்கேயே முட்டை போடட்டும். கடுகுக்கு மட்டும் மருந்தடிச்சாப் போதும்."

"பூச்சிக்குப் பந்தி போடறீங்களா அண்ணி?" என்று சிரித்தேன். தெருவே அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டது.

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு போகம் புழு தின்றிருந்தது. "இந்தத் தடவையும் போச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அண்ணன் லாரியோடு போனால் மாதக்கணக்கு. அந்த நிலம்தான் அண்ணிக்கு எல்லாம்.

நிலத்துக்காரர் பார்க்க வருவதாகச் சொன்ன அன்று காலை, அண்ணி கடுகுக்கு மருந்து வாங்கப் போயிருந்தாள். வயலுக்குப் போனேன். கடுகு இலையெல்லாம் சல்லடை, புழு நெளிகிறது. மானம் போகுமே என்று அத்தனையையும் பிடுங்கிக் கோஸ் பாத்தியிலேயே குவித்தேன். பெருமையாக இடுப்பில் கைவைத்து வேறு நின்றேன்.

திரும்பி வந்த அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இலையை எடுத்துட்டா, பசியில இருக்கறவன் பக்கத்து இலைக்குத்தானே போவான்?"

இருட்டும்வரை இருவரும் ஒவ்வொரு கோஸ் இலையாகப் புரட்டிப் புழு பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டோம்.

"பறக்கற பூச்சி நாளைக்கு எங்க போகும் அண்ணி?" எனக்கு அழுகையே வந்தது.

வரிசைகளுக்கு இடையே தளதளவென்று நின்ற இளஞ்செடிகளைக் காட்டினாள். முதல் கடுகு முற்றிவிடும் என்று இரண்டாவது தடவையும் கடுகு விதைத்திருக்கிறாள். களை என்று நினைத்தேன், சோம்பலில் விட்டுவைத்திருந்தேன். என் சோம்பல் வாழ்க!

நிலத்துக்காரர் பத்து நாள் கழித்துத்தான் வந்தார். புதுக் கடுகைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா, ஒரே ஓட்டையா இருக்கு? இதைப் பிடுங்கிப் போடக் கூடாதா?"

"அதுல கை வைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

மிரண்டுபோய்க் கோஸ் பக்கம் திரும்பினார். வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தார். கல் மாதிரி இறுகிய கோஸ், ஓர் ஓட்டை இல்லை.

"அடுத்த போகமும் நீயே போடும்மா" என்றவர், என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார்.

"என் நாத்தனார்" என்றாள் அண்ணி. "பந்திக்குக் காவல்."