எந்த வரிக்கு வெட்கப்பட வேண்டும்?

வெண்கலம் என்பது அவளுக்குப் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் வைத்த பெயர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அவள் "பந்து இங்க!" என்று கத்தினால், அந்தக் கோடியில் தூங்கிக்கொண்டிருக்கும் காவலாளி எழுந்து உட்காருவார். "இது தொண்டையா வெண்கலமா?" என்றார் ஆசிரியர். அதோடு சரி. கல்யாணமாகிப் போன வீட்டுக்கும் அந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. கணவன் மட்டும் சந்தோஷமாக இருக்கும்போது 'வெண்கி' என்பான்.

அந்தத் தொண்டைதான் அவளுக்குப் பிழைப்பும் ஆனது. தொலைக்காட்சி விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பாள். முகம் வேறு யாருடையதாகவோ இருக்கும், குரல் இவளுடையதாக இருக்கும். பிஸ்கட் விளம்பரத்தில் பிள்ளையைக் கொஞ்சும் அம்மா அவள். வங்கி விளம்பரத்தில் அலுங்காமல் பேசும் அதிகாரி அவள். இருமல் மருந்து விளம்பரத்தில் இருமுகிற குழந்தையும் அவள்தான். "உன் தொண்டைக்குள்ள ஒரு குடும்பமே குடியிருக்கும்மா" என்பார் ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளர்.

நாப்கின் விளம்பரத்துக்கு மட்டும் அந்த வெண்கலத்தைத் துணியில் சுற்றி வைத்துவிட வேண்டும். "ரகசியமா வேணும் மேடம். தோழி காதுல சொல்ற மாதிரி" என்பார்கள். தாளில் 'அந்த நாட்கள்' என்றுதான் எழுதியிருக்கும். அவளும் மூச்சை நிறையவும் குரலைக் கொஞ்சமாகவும் விட்டுப் பேசிவிட்டு வருவாள். படத்தில் நீலத் தண்ணீரை ஊற்றுவார்கள், வெள்ளை உடுப்புப் போட்ட ஒருத்தி மாடிப்படியில் துள்ளி இறங்குவாள். வெண்கலத்துக்கு அதில் ஒரு குறையும் தோன்றியதில்லை. வயிற்றுவலியோடு ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நின்று, 'இனி அந்த நாட்களிலும் உற்சாகம்!' என்று அவளே எத்தனையோ முறை கிசுகிசுத்திருக்கிறாள்.

அப்படியிருக்கும்போதுதான் புது விளம்பரம் ஒன்று வந்தது. எடுத்தவள் ஒரு பெண். வெண்கலத்தைவிட வயதில் சின்னவள், பென்சிலைக் காதில் செருகியிருந்தாள். அவள் நீட்டிய தாளில் முதல் வரியே 'மாதவிடாய் ரத்தம் சிவப்பு. நீலம் இல்லை' என்று இருந்தது.

"அக்கா, இதுல ரகசியம் வேண்டாம். கடையில தக்காளி என்ன விலைன்னு கேப்பீங்கல்ல, அந்தக் குரல் போதும்."

இவ்வளவுதானே என்று வெண்கலம் மைக் முன்னால் போய் நின்றாள். 'மாதவிடாய்' வரைக்கும் குரல் நேராக வந்தது. 'ரத்தம்' என்ற இடத்தில் தானாகக் கீழே இறங்கியது. மறுபடி பேசினாள், மறுபடி இறங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் எறும்பு தேடுகிறவர் மாதிரி பொத்தான்களின் மேல் குனிந்திருந்தார்.

"நாக்கு பழகின இடத்துலயே போய்ப் படுத்துக்குதும்மா. நான் என்ன செய்ய?" என்றாள் வெண்கலம்.

"சரி, விடுங்க. மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"எங்க சாப்பிட்டேன்? காலையிலேர்ந்து இங்கதானே நிக்கிறேன்!"

"இதான், இதான்! இதே குரல்ல சொல்லுங்க!"

பசியும் எரிச்சலுமாகச் சொன்ன அந்த முறைதான் சரியாக வந்தது.

வீட்டில் அவர்கள் ஐந்து பேர். கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அவனுடைய அண்ணன், அவளுக்கு மூத்தார், நில அளவையர். மூத்தாரின் மனைவியான ஓரகத்தி ஒரு தையலகத்தில் வேலை பார்த்தாள். அவர்களுக்கு ஒரே மகள், எட்டாம் வகுப்பு. அம்மாவைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்த வீடு அது. தம்பியைத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அண்ணன்தான். அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான். சொல்வதும் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும்.

வெண்கலத்தின் வேலையில் அந்த வீட்டில் எல்லாரையும்விடப் பெருமை அவருக்குத்தான். யார் வந்தாலும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார். பிஸ்கட் விளம்பரம் வந்ததும், "உஷ்! பேசாதீங்க! இது எங்க வீட்டுப் பொண்ணு" என்பார். வந்தவர் வாய்க்குள் போட்டதைக்கூட மெல்லாமல் கேட்டாக வேண்டும்.

அப்படிப்பட்டவர், புது விளம்பரம் வந்த முதல் நாளே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்துவிட்டார். படுக்கை விரிப்பில் சிவப்புக் கறையைப் பார்த்துக்கொண்டே ஒரு பெண் எழுந்திருப்பாள். வெண்கலம் வாயைத் திறப்பது அதற்கப்புறம்தான். கறையைப் பார்த்ததுமே அவருடைய கட்டைவிரல் முந்திக்கொள்ளும். பெட்டி ஊமையாகிவிடும். அது முடியும் வரை அவர் மின்விசிறியைப் பார்ப்பார். யாருடைய வாயை அடைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

முதல் நாள் வெண்கலத்துக்கு 'அப்பாடா' என்றுதான் இருந்தது. மூத்தார் முன்னால் உட்கார்ந்து தன் குரலில் அந்த வார்த்தையைக் கேட்பதற்கு அவளுக்கே கூச்சம். ஆனால் தினமும் நடந்தால் எதுவும் உறுத்தத் தொடங்கிவிடும். பிஸ்கட்டுக்கு ஊரையே வாயை மூடச் சொல்கிறவர், இதற்கு அவள் வாயை மூடுகிறார். சாப்பிடும் தட்டில் கல் கிடந்த மாதிரி அது அவளுக்கு நெருடிக்கொண்டே இருந்தது.

வெளியிலும் பேச்சு கிளம்பியது. கண்ணாடிக் கடைக்கு வந்த ஒருவர், "இப்பல்லாம் டிவியைப் போடவே பயமா இருக்குங்க" என்றாராம். பக்கத்து நாற்காலியில் கண் பரிசோதனைக்குக் காத்திருந்த பெண், "எனக்கு அதைப் பார்த்தா நிம்மதியா இருக்கு" என்றாளாம். கணவன் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் சொன்னான்.

"நீ என்ன நினைக்கிற?" என்று வெண்கலம் கேட்டாள்.

"குரல் நல்லா இருக்கு வெண்கி."

"குரலைக் கேக்கல."

"நான் குரலைத்தான் சொல்லுவேன்" என்று அவன் தப்பித்துக்கொண்டான்.

தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்த அழைப்புகளைப் பற்றிச் சொன்னவர் ஒலிப்பதிவாளர். சாப்பாட்டு நேரத்தில் ஏன் போடுகிறீர்கள் என்று பலர். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று சிலர். என் பையன் கேட்கிறான், நான் என்ன சொல்ல என்று ஓர் அம்மா. அவற்றில் ஒன்று மட்டும் வெண்கலத்தின் மனதில் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. "பேசுற பொண்ணு குரல்ல கொஞ்சமாவது வெட்கம் இருக்கா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் நடத்துநரிடம்கூட விரலைக் காட்டித்தான் டிக்கெட் வாங்கினாள்.

அந்த வாரமே நாப்கின் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். விளம்பரத்தை நிறுத்தப் போவதில்லை, குரலை மட்டும் மாற்றிப் பதிவு செய்ய வேண்டும், கொஞ்சம் அடக்கமாக. வெண்கலம் சரியென்றாள். வேறு என்ன சொல்வாள்?

பதிவுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, மூத்தாரின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தார். வழக்கம்போல் பிஸ்கட் விளம்பரம் வந்தது. வழக்கம்போல் மூத்தார், "உஷ்!" என்றார். "குரலை நல்லா கவனிங்க. எங்க வீட்டுப் பொண்ணு!"

வந்தவர்கள் நன்றாகத்தான் கவனித்தார்கள். பிஸ்கட் முடிந்து அடுத்து வந்தது சிவப்புக் கறை.

மூத்தாரின் கை மேசையைத் தடவியது. ரிமோட் மேசையில் இல்லை. தாயின் மடியிலிருந்த குழந்தை அதை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. "குட்டிமா, மாமாகிட்ட குடும்மா" என்று அவர் மெல்ல இழுத்தார். குழந்தை விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். குழந்தை வீரிட்டது. அந்த அலறலையும் மீறிக்கொண்டு வெண்கலத்தின் குரல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கூடத்தில் முழுதாக ஒலித்து முடிந்தது.

இளைஞர் தன் காலுறையை ஆராய்ந்தார். அவர் மனைவிதான் கேட்டாள். "இதுவும் அதே குரல் மாதிரி இருக்கே?"

"சேச்சே!" என்றார் மூத்தார். "இது வேற யாரோ."

வெண்கலம் தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்து, தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான்தான் மாமா. ரெண்டும் நான்தான்."

தக்காளி விலை கேட்கிற குரலிலேயே சொன்னாள். விம்முகிற குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே இளைஞரின் மனைவி, "ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டாள். அவள் கணவர் தேநீருக்குச் சர்க்கரை போதுமென்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

அவர்கள் போனபிறகு மூத்தார் மனைவியிடம் போனார்.

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"பாப்பாவுக்கு?"

"அவ ஸ்கூலுக்கே தெரியும்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லல?"

ஓரகத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க எங்க கேக்க விட்டீங்க? அது பேச வாயைத் திறக்கறதுக்குள்ள அணைச்சுடுறீங்க. பெத்த பொண்ணு எதிர்ல உக்காந்து தினமும் அதைப் பாக்குறா. நாளைக்கு அவளுக்கு வயித்த வலிச்சா அப்பாகிட்ட வாயைத் திறப்பாளா?"

மடித்த துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை வெண்கலம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மூத்தார் வாசலுக்கு வந்தார். அளவைச் சங்கிலி போட்ட பையைத் தோளில் மாட்டுவதும் இறக்குவதுமாக இருந்தார்.

"வேற யாரோன்னு சொன்னேன் பாரு, அது தப்பும்மா."

"பரவால்ல மாமா."

"பரவால்லன்னு சொல்லாத. தப்புதான்." கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. அந்த விளம்பரம் வந்தா எனக்கு உடம்பெல்லாம் கூசுது. எங்க வீட்ல அப்பா, தம்பி, நான். இந்தப் பேச்சே காதுல விழுந்ததில்ல. உடனே மாறுன்னா எப்படி மாறுவேன்?"

"எனக்கும் கூசுச்சு மாமா. அந்த வார்த்தை நேரா வர்றதுக்குள்ள பாதி நாள் போச்சு."

"உனக்குமா?" அவர் முகத்தில் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அந்தத் தெம்பில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஸ்டூடியோவில் கம்பெனியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மரியாதைக்காரர். ஒலிப்பதிவாளர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் கும்பிட்டுவிட்டு மைக்கில் சொன்னார். "பெருசா ஒண்ணும் வேண்டாம் மேடம். கொஞ்சம் வெட்கத்தோட சொன்னா போதும்."

வெண்கலம் தாளை எடுத்தாள். வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போவோம் என்றுதான் வந்திருந்தாள். எந்த இடத்தில் மூச்சை விட வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொள்வது அவள் வழக்கம். பென்சிலை வைத்துக்கொண்டு முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"சார், எந்த வரிக்கு வெட்கப்படணும்?"

"பொதுவா மேடம்."

"பொதுவா வராது சார். வரியைச் சொன்னீங்கன்னா குறிச்சுக்குவேன். 'மாதவிடாய் ரத்தம் சிவப்பு', இங்கயா?"

அவர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அங்க... வேண்டாம். அது சும்மா தகவல்தானே."

"'வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க', இங்க?"

"இல்ல, அங்க வெட்கப்பட்டா அர்த்தமே மாறிடும்."

"'நனைஞ்சா மாத்துங்க'?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மேலிருந்து கீழே படித்தார். பென்சிலோடு வெண்கலம் உண்மையாகவே காத்திருந்தாள். ஒலிப்பதிவாளர் இந்தமுறை எறும்பு தேடவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழையதே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "சத்தத்தை மட்டும் ஒரு பொட்டு குறைச்சிடுங்க. மாத்தியாச்சுன்னு நான் அங்க சொல்லணும்."

ஒலிப்பதிவாளர் ஒரு பொட்டு குறைத்தார். வெண்கலம் ஒரு வரிகூடப் புதிதாகப் பேசாமலேயே வீட்டுக்குத் திரும்பினாள்.

புகார்கள் அதற்குப் பிறகும் வந்தன. கொஞ்ச நாளில் ஜனங்களுக்குக் கோபப்பட வேறு விஷயம் கிடைத்துவிட்டது. வீட்டில் மூத்தார் சத்தத்தை அணைப்பதை விட்டுவிட்டார். சிவப்புக் கறை வந்ததும் எழுந்து பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். உள்ளே குரல் பேசிக்கொண்டிருக்கும், வெளியே அவர் குவளையைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலத்தில் பலமுறை அந்த விளம்பரம் வந்ததால் ஒரு ரோஜாச் செடி வேர் அழுகிச் செத்துப்போனது. ஓரகத்திக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

ஒருநாள் சாயங்காலம் மகள் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். அப்பா பால்கனிக்கு எழுந்தபோது, "அப்பா, வெந்நீர்ப் பை எடுத்துத் தர்றியா? வயிறு வலிக்குது" என்றாள். அவர் போகும் வழியிலேயே நின்றார். சமையலறைக்குப் போய்த் தண்ணீரைச் சுட வைத்தார். எவ்வளவு சூடு என்று தெரியாமல் கொதிக்கக் கொதிக்க நிரப்பிக் கொண்டுவந்தார். அதைக் கையில் தொட முடியாமல் மகள் அலறினாள். வெண்கலம் ஓடிவந்து வாங்கி, பாதியைக் கொட்டிப் பச்சைத் தண்ணீர் கலந்துகொடுத்தாள்.

"எவ்வளவு சூடு வேணும்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று மூத்தார் பொதுவாகக் கத்தினார். பிறகு மகளின் காலடியில் உட்கார்ந்து, சூடு போதுமா போதுமா என்று அவளைத் தூங்கவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.